பதம் படுத்தும் பாடு

ஒரு வாழைப்பழம். நாலு ஐஸ் கட்டி. ரெண்டு கரண்டி தயிர், ஒரு ஸ்பூன் தேன். எல்லாவற்றையும் மிக்ஸி ஜாரில் போட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைத் திருகுகிறீர்கள். 'கடகட'வென்று சில விநாடிகள் பயங்கரச் சத்தம். அப்புறம் திடீரென்று சத்தம் மெலிந்து, 'ஙொய்ய்ய்' என்று மோட்டார் மட்டும் ஓடுகிறது. திறந்து பார்த்தால்... மேலே பழமும் ஐஸும் வைத்தது வைத்தபடி! கீழே பிளேடு மட்டும் காற்றில் தன்னந்தனியாகச் சுற்றியிருக்கிறது.

கடுப்பில் கால் டம்ளர் பால் ஊற்றுகிறீர்கள். ம்ஹூம். இன்னும் கால் டம்ளர். இப்போது ஓடுகிறது. ஆனால், டம்ளரில் ஊற்றினால் அது ஸ்மூத்தி இல்லை. வாழைப்பழ வாசனை அடிக்கிற பால்!

'மிக்ஸி சரியில்லை, வேற வாங்கணும்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கெட்டியாக இருந்தால் ஓடாது, ஓடினால் கெட்டியாக இருக்காது என்கிற இந்தச் சண்டைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அது ஆரம்பித்த ஊர், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் ரசீன்.

ரசீன் என்றால் உங்களுக்குத் தெரியாது. ஆனால், அந்த ஊர்ச் சரக்கை நீங்கள் கட்டாயம் குடித்திருப்பீர்கள். ஹார்லிக்ஸ்! இங்கிலாந்திலிருந்து போன ஜேம்ஸ் ஹார்லிக், வில்லியம் ஹார்லிக் என்ற சகோதரர்கள் 1873ல் தொழில் ஆரம்பித்து, பிறகு ரசீனில் ஆலை போட்டார்கள். முளைகட்டிய பார்லி, கோதுமை மாவு, பால் சேர்ந்த பவுடர். 1883ல் காப்புரிமை. குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் என்று வந்த சமாசாரத்தை அமெரிக்க இளைஞர்கள் சோடாக் கடைகளில் நின்றுகொண்டு ருசித்துக் குடிக்க ஆரம்பித்தார்கள்.

ஹார்லிக்ஸை நேராகக் குளிர்ந்த பாலில் போட்டால் என்ன ஆகும்? நம் வீட்டு அம்மாக்களுக்குத் தெரியும். கட்டி கட்டியாக மிதக்கும். ஸ்பூனால் எத்தனை கலக்கினாலும் நாலு கட்டி மிச்சம் இருக்கும். அமெரிக்கக் கடைக்காரர்களுக்கும் இதே தலைவலி.

தலைவலிக்கு மருந்தும் அதே ரசீனில்தான் பிறந்தது. அங்கே ஃபிரெட் ஓசியஸ் என்று ஒருவர் மின்சாரச் சாமான்கள் செய்ய 1910ல் ஒரு கம்பெனி தொடங்கினார். தன் பெயர் எடுபடாது என்று நினைத்து, தன்னிடம் இருந்த ஹாமில்டன், பீச் என்ற இருவரின் பெயர்களைப் பணம் கொடுத்து வாங்கி, 'ஹாமில்டன் பீச்' என்று கம்பெனிக்குச் சூட்டினார் என ஒரு கதை உண்டு. மனிதர் பெயர்தான் ஓசியஸ். பெயரை ஓசியில் வாங்கவில்லை! 1911ல் இந்தக் கம்பெனியின் 'சைக்ளோன்' மிக்ஸர் வந்தது. மேலேயிருந்து ஒரு தண்டு தொங்கும், அடியில் கோப்பையை வைத்தால் சுற்றிக் கலக்கும். பவுடர் கரைந்தது. பிரச்னை தீர்ந்தது.

அங்கேதான் நில்லுங்கள். அது கலக்கும், அவ்வளவுதான். அரைக்காது.

அரைக்க வேண்டுமானால் பிளேடு எங்கே இருக்க வேண்டும்? அதே ரசீனில் வாழ்ந்த ஸ்டீஃபன் பாப்ளாவ்ஸ்கி, சின்ன வயதில் போலந்திலிருந்து குடியேறியவர், ரொம்ப யோசித்து பிளேடைக் கோப்பையின் அடியில் பொருத்தினார். மோட்டார் கீழே பீடத்தில். கோப்பையைத் தூக்கி வைத்தால் மோட்டாரோடு கோத்துக்கொள்ளும். 1922ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றைக்கு நம் சமையல் மேடையில் உட்கார்ந்திருக்கும் மிக்ஸியின் கொள்ளுத் தாத்தா இதுதான். ஆனால், அவர் மனசில் இருந்தது மால்ட் கலந்த பால். அதாவது, தண்ணியாக ஓடும் ஒரு பானம். கெட்டிச் சரக்கு அல்ல.

வேடிக்கை பாருங்கள். அதே 1922ல், கொஞ்சம் தெற்கே சிகாகோவில், வால்கிரீன் மருந்துக் கடையின் சோடா கவுன்ட்டரில் ஐவர் கோல்சன் என்ற ஊழியர் மால்ட் பாலில் ரெண்டு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். ஜனங்கள் அதற்குக் கூட்டமாக வந்தார்கள். கெட்டியாக, குளிர்ச்சியாக, குடிக்கவும் முடியும், சாப்பிட்ட மாதிரியும் இருக்கும்! ஒரு பக்கம் தண்ணியாக ஓடுவதற்கென்று மெஷின். இன்னொரு பக்கம் கெட்டியாகக் கேட்கும் நாக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டுதான் இன்று காலை உங்கள் மிக்ஸி 'ஙொய்ய்ய்' என்றது.

சரி, நம் ஓசியஸ் சும்மா இருந்தாரா? இல்லை. அவரும் அடியில் பிளேடு வைத்த மெஷின் ஒன்றில் இறங்கினார். கையில் பணமில்லை. 1936ல் நியூயார்க் வாண்டர்பில்ட் தியேட்டரில் வானொலிக் கச்சேரி முடித்து வந்த பிரபல இசைக்குழுத் தலைவர் ஃபிரெட் வாரிங்கைப் பிடித்து, மெஷினைக் காட்டினார். வாரிங்குக்கு இந்த மாதிரி கருவிகள் என்றால் பைத்தியம். 25,000 டாலர் போட்டார். மாதங்கள் ஓடின, மெஷின் ஓடவில்லை! கடைசியில் வாரிங் வேறு ஆள் வைத்துச் சரிசெய்து, 1937ல் சிகாகோ உணவகக் கண்காட்சியில் 'அதிசய மிக்ஸர்' என்று இறக்கினார். விலை 29.75 டாலர். பிறகு அதுவே 'வாரிங் பிளெண்டர்' ஆயிற்று. 1954ல் பத்து லட்சமாவது பிளெண்டர் விற்றது.

இதில் நமக்கு வேண்டிய விஷயம் ரெண்டு. ஒன்று, ஓசியஸுக்கு 1938ல் கிடைத்த காப்புரிமையின் தலைப்பு. தமிழில் சொன்னால், 'ஓடும் தன்மையுள்ள பொருட்களைத் தயாரிக்கும் சிதைப்பு மிக்ஸர்'. சொந்தக்காரரே எழுதிக் கொடுத்துவிட்டார், ஓடுகிற பொருளுக்குத்தான் இந்த மெஷின் என்று! ரெண்டு, அந்தக் கண்ணாடி ஜாரின் வடிவம். வட்டமாக இல்லாமல் நாலு இதழ் வைத்த இலை மாதிரி இருக்கும். ஏன் அப்படி?

நான் படித்தது காமர்ஸ். ஆனாலும் இந்த இயற்பியல் எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா? பிளேடு சுற்றும்போது உள்ளே இருப்பதை வெளிப்பக்கமாக வீசுகிறது. நடுவில் ஒரு பள்ளம் விழுகிறது. வீசப்பட்டது சுவரில் ஏறி, மேலே வந்து, அந்தப் பள்ளத்தில் விழுந்து திரும்பப் பிளேடிடம் வரவேண்டும். இந்தச் சுற்று அறுபடாமல் நடந்தால்தான் அரைபடும். வட்டமான ஜாரில் சரக்கு சுவரோரமாகவே சுற்றிக்கொண்டிருக்கும். இதழ் வடிவம் அதை மடக்கி நடுவே தள்ளும். நம் மிக்ஸி ஜாரின் உள்சுவரில் மேலும் கீழுமாகக் கோடு மாதிரி புடைத்திருக்கிறதே, அதற்கும் இதே வேலைதான்.

சரக்கு ரொம்பக் கெட்டியாக இருந்தால்? வீசப்பட்டது திரும்பி வராது. பிளேடைச் சுற்றி ஒரு காற்றுக்குமிழ் உட்கார்ந்துகொள்ளும். பிளேடு காற்றை அரைக்கும். நாம் அவசரப்பட்டு அரை டம்ளர் பாலை ஊற்றுவோம். தேவைப்பட்டதோ ரெண்டே ரெண்டு ஸ்பூன்!

ஓட வைப்பது ஒரு வித்தை என்றால், நிறுத்துவது இன்னொரு வித்தை. 1952ல் நியூயார்க் மாநிலத்தின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஹெர்ஷே, மார்த்தா சேஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். பாக்டீரியாவின் மேல் ஒட்டியிருக்கும் வைரஸின் கூட்டை உதிர்க்க வேண்டும். ஆனால், பாக்டீரியா உடையக் கூடாது. அதற்கு வாகாக வந்தது வாரிங் பிளெண்டர்! பரம்பரைச் செய்தி டி.என்.ஏ.வில் இருக்கிறது என்பதற்கு அந்தச் சோதனை பெரிய ஆதாரமானது. ஹெர்ஷேக்கு 1969ல் நோபல் பரிசில் பங்கும் கிடைத்தது. சமையலறையில் நமக்கு நோபல் கிடைக்காது. ஆனால், விதி அதேதான். தேவைக்கு மேல் ஓட்டினால் உரசலில் சூடேறும், ஐஸ் உருகும், கெட்டி போய்விடும்.

இனி ஸ்மூத்திக்கு வருவோம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஸ்டீவ் குனாவ் என்று ஒரு பையன். சோடாக் கடையில் வேலை. நாள் முழுக்க மற்றவர்களுக்கு மில்க் ஷேக் போட்டுக் கொடுப்பான். அவன் குடிக்க முடியாது. பால் ஒத்துக்கொள்ளாது! யோசித்துப் பாருங்கள், பதினாறு பதினேழு வயசுப் பையனுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை? வீட்டு பிளெண்டரில் பழங்களையும் சத்துப் பொடிகளையும் போட்டுத் தனக்கென்று ஒன்றை அரைக்க ஆரம்பித்தான். 1973ல் அவர் ஆரம்பித்த கடைதான் பிற்பாடு 'ஸ்மூத்தி கிங்' என்ற பெரிய நிறுவனமானது.

ஐஸ்கிரீம் இல்லாமல் கெட்டி எப்படி வரும்? உறைந்த பழத்தால் வரும். அதற்கு வழிபோட்டவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. கனடாவின் லாப்ரடார் பனிப்பிரதேசத்தில், பிடித்த மாத்திரத்தில் உறைந்துபோகும் மீன், பிறகு சமைத்தாலும் புதுசு போல இருப்பதைப் பார்த்தவர். வேகமாக உறைந்தால் ஐஸ் படிகம் சின்னதாக இருக்கும், உள்ளே சதை கிழியாது. இதை வைத்து அவர் உருவாக்கிய உறைந்த உணவுகள் 1930ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் கடைகளில் விற்பனைக்கு வந்தன.

'இதெல்லாம் அமெரிக்க மெஷின் கதை. நம்ம மிக்ஸி?' என்று கேட்பீர்கள். நியாயம். நம் மிக்ஸியின் பிறப்பே வேறு. மும்பையில் சீமென்ஸ் நிறுவனத்தில் இன்ஜினீயராக இருந்தவர் சத்ய பிரகாஷ் மாத்தூர். அவர் மனைவி மாதுரி வைத்திருந்த பிரௌன் மிக்ஸர், நம் ஊர் அரைப்புக்குத் தாங்காமல் புகைந்துபோனது. 'நீங்கதான் இன்ஜினீயராச்சே, ஒண்ணு பண்ணுங்க!' என்கிற பாணியில் மனைவி சொல்ல, 1963ல் பிறந்தது சுமீத். மஞ்சளையும் உளுந்தையும் குறைந்த தண்ணீரில் அரைக்க வலுவான மோட்டார். ஆக, அவர்கள் மெஷின் பாலைக் கலக்கப் பிறந்தது. நம் மெஷின் சட்னியை அரைக்கப் பிறந்தது. ஸ்மூத்தி இந்த ரெண்டுக்கும் நடுவே நிற்கிற பண்டம். அதனால்தான் பதம் பிடிபட மாட்டேன் என்கிறது.

இப்போது செய்து பாருங்கள். வாழைப்பழத்தையோ மாம்பழத்தையோ முதல் நாளே சின்னத் துண்டுகளாக்கி, தட்டில் ஒட்டாமல் பரப்பி ஃப்ரீஸரில் வையுங்கள். வீட்டு ஃப்ரீஸருக்குப் பேர்ட்ஸ்ஐ வேகம் கிடையாது. துண்டு சின்னதாக இருந்தால் சீக்கிரம் உறையும். ஒரு பங்கு பால் அல்லது தயிருக்கு ரெண்டு பங்கு உறைந்த பழம். ஐஸ் கட்டி வேண்டாம். அது உருகினால் வெறும் தண்ணீர்.

திரவத்தை முதலில் ஊற்றுங்கள். பிளேடு முதல் சுற்றிலேயே நனைய வேண்டும். ஃப்ரீஸரிலிருந்து எடுத்த பழத்தை அஞ்சு நிமிஷம் வெளியே வைத்துவிட்டுப் போடுங்கள். ஒரு ஆளுக்கு என்றால் பெரிய ஜார் வேண்டாம். எல்லாம் சுவரில்தான் ஒட்டும். விட்டு விட்டு ஓட்டுங்கள். சத்தம் மெலிந்தால் உடனே நிறுத்தி, ஸ்பூனால் கீழே தள்ளிவிட்டு, ஒரே ஒரு ஸ்பூன் பால். மறுபடி ஓட்டம். திரவத்தைச் சேர்க்கலாம், எடுக்க முடியாது. கணக்குப் புத்தகத்தில் செலவு எழுதுகிற மாதிரி யோசித்து ஊற்ற வேண்டும்!

பழத்தையும் பாருங்கள். வாழைப்பழத்தில் தண்ணீர் நாலில் மூன்று பங்கு. தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல். ரெண்டுக்கும் ஒரே அளவு பால் ஊற்றினால் எப்படி? நீர்த்துப்போனால் ஊறவைத்த ஓட்ஸ் ஒரு ஸ்பூன், இல்லை மீதி இருக்கும் உறைந்த பழம். அன்னாசியைப் பாலோடு அரைத்தால் உடனே குடித்துவிடுங்கள். அதன் என்சைம் பால் புரதத்தைச் சிதைத்து, நேரம் ஆக ஆகக் கசக்கும்.

ஒரு டம்ளர் பானத்துக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று சிரிக்காதீர்கள். பக்கவாதம் வந்த பெரியவர்கள் பலருக்குத் தண்ணீரே எமன். தொண்டை சுதாரிப்பதற்குள் வேகமாக ஓடி, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அவர்களுக்குக் கெட்டியான பானம்தான் பாதுகாப்பு. எத்தனை கெட்டி என்பதற்கு 0 முதல் 7 வரை படிகள் வைத்து உலகப் பொது அளவுகோலே இருக்கிறது. ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சம் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். யாருக்கு எந்தப் படி என்பதை டாக்டரும் விழுங்கும் பயிற்சி தரும் நிபுணரும்தான் சொல்ல வேண்டும். நாமாக முடிவு செய்யக் கூடாது.

வீட்டில் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்களுக்கென்று சொல்லப்பட்ட பதத்தைப் பிடித்து ஒரு டம்ளர் மாம்பழ ஸ்மூத்தி கொடுத்துப் பாருங்கள். பல மாதம் கழித்துப் பயமில்லாமல் விழுங்கும் அந்த முகத்தைப் பார்த்தால், ரெண்டு ஸ்பூன் பாலுக்கு ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கச் சொன்னேன் என்று புரியும்.