பிறந்த குழந்தைக்குப் போடும் ஊசியின் கதை



ஜூலை 28 உலகக் கல்லீரல் அழற்சி தினம். ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976ல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க மருத்துவர் பிளம்பர்க்கின் பிறந்தநாள் அது. அதையொட்டி ஒரு வரலாறு சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

நெரவிப் பக்கம் கண் மஞ்சளானால் எல்லாமே காமாலைதான். ஆனால் காமாலை ஓர் அறிகுறி. அதற்குக் காரணமான நோய்கள் பல. அசுத்தத் தண்ணீரால் வருவது ஏ, இ வகைகள். பி வகை இரத்தத்தாலும் உடலுறவாலும் பரவும். பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் வரும். சேர்ந்து சாப்பிட்டால் பரவாது. பலருக்குக் கண் மஞ்சளாகாமலே பல வருடம் உள்ளே இருந்து, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை கொண்டுபோகும்.

இதற்குத் தடுப்பூசி தயாரானபோது, அது வேலை செய்கிறதா என்று மனிதர்களிடம் சோதிக்க வேண்டியிருந்தது. 1978ல் நியூயார்க்கில் வுல்ஃப் ஸ்முனெஸ் என்ற மருத்துவர் அதை நடத்தினார். ஊசி போட்டுக்கொள்ள முன்வந்தவர்கள் 1083 பேர். அனைவரும் ஆணை நேசிக்கும் ஆண்கள். அந்த நகரில் இந்நோய் அவர்களிடையே மிக அதிகமாக இருந்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. திரும்பத் திரும்ப வந்து இரத்தம் கொடுத்தார்கள். 1980ல் முடிவு வெளியானது: 92 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு. மறு வருடமே அமெரிக்கா அந்த ஊசிக்கு அனுமதி அளித்தது.

சமூகம் ஒதுக்கி வைத்திருந்த மனிதர்கள் நீட்டிய கையால்தான் உலகத்துக்கு இந்த ஊசி கிடைத்தது. பாடப்புத்தகத்தில் இது இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1988ல் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினர், பிளம்பர்க்கையும் சேர்த்துக்கொண்டு, கீழாநெல்லியால் பி கிருமி நீங்குகிறது என்று லான்செட் இதழில் எழுதினார்கள். பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

1997ல் ஐதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் நம் நாட்டிலேயே இந்த ஊசியைத் தயாரித்த பிறகு விலை குறைந்தது. 2011-12ல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கு அரசே போடத் தொடங்கியது. இன்று பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர், அதாவது என்னிடம் படித்தவர்களில் பெரும்பாலோர், இதைப் போட்டிருக்கமாட்டீர்கள். பிரான்சில் இருக்கும் சொந்தங்களும் கவனிக்கவும்: அங்கே 1994ல் பள்ளிகளில் தொடங்கிய ஊசியை 1998ல் நிறுத்திவிட்டார்கள். குழந்தைகளுக்குக் கட்டாயமானது 2018ல்தான்.

இனிச் சொல்வது சில பிள்ளைகளுக்காக. ஆணை நேசிக்கும் ஆண்கள், இருபாலரையும் நேசிப்பவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் அது குற்றமல்ல என்று சொல்லிவிட்டது. ஆனால் டாக்டரிடம் வாய் திறக்க இன்னும் பயம். யாரிடம் அந்த ஊசி சோதிக்கப்பட்டதோ, அவர்களுக்கே அது போய்ச் சேராமல் இருப்பது என்ன நியாயம்? ஊசி கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்யணும், ஊசி போட்டுக்கணும்" என்றால் போதும். மொத்தம் 3 ஊசி, ஆறு மாதத்தில் முடிந்துவிடும். கிருமி இருப்பது தெரிந்தாலும் கலங்க வேண்டாம். கட்டுப்படுத்த மாத்திரை உண்டு. 2018 முதல் தேசியத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

பெற்றோர்களே, பிள்ளை ஊசி போட்டுக்கொள்ளப் போனால் "எதுக்கு?" என்று துருவாதீர்கள். கூடப் போய் நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள்.

வாழ்க நலமுடன்.