மலையின் நீரும் லயத்தின் விளக்கும்

மழை பொய்த்த ஆண்டுகளில் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் நீர் இறங்கிச் செல்லும்பொழுது, சேற்றினூடே ஒரு பழைய ஊர் மெல்லத் தலைகாட்டுவதுண்டு. கோயிலின் சுவர்கள் தெரியும்; விகாரையின் இடிபாடுகளும் பள்ளிவாசலின் எச்சங்களும் தெரியும். சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து மக்கள் திரண்டு வந்து பார்ப்பார்கள். வயது முதிர்ந்தோர் கடைத்தெரு இருந்த இடத்தைக் கைகாட்டிப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்வார்கள். அதுதான் பழைய மஸ்கெலியா. 1960களின் பிற்பகுதியில் மஸ்கெலி ஓயாவின் குறுக்கே அணை எழுந்தபோது அவ்வூர் நீருள் மறைந்தது. மேட்டு நிலத்திலே புதிய மஸ்கெலியா அமைந்தது. நாட்டுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது. அதற்கு விலையாக ஒரு மலையூர் தன் கடைத்தெருவையும் கோயிலையும் கொடுத்தது.

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதை விட்டு, நீர், காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் பெறவேண்டும் என்பது இன்று உலக நாடுகளிற் பெரும்பாலானவை ஒப்புக்கொண்ட கொள்கை. 2015ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் உருவான உடன்படிக்கை, அந்த மாற்றம் உழைக்கும் மக்களுக்கு நீதியானதாக இருத்தல் வேண்டும் என்பதையும் தன் முகவுரையிலே குறித்து வைத்தது. இலங்கையும் 2016இல் அதனை ஏற்றது. இது புத்தம் புதிய பேச்சு என்று பலர் கருதுகின்றனர். ஆனால் மலைநாட்டுத் தோட்டங்கள் இத்தகைய மாற்றம் ஒன்றினை ஏற்கெனவே ஒருமுறை கண்டுவிட்டன. அதன் வரலாற்றை அறிந்தவர்கள் இப்பொழுது நடப்பதைச் சற்று ஐயத்தோடு நோக்கினால் அவர்களைக் குறை கூற இயலாது.

அவ்வரலாறு ஒரு பொறியியலாளரிடமிருந்து தொடங்குகிறது. 1874இல் காலியிலே பிறந்த டி. ஜே. விமலசுரேந்திர, பொதுவேலைத் திணைக்களத்தில் பணி புரிந்தவர். கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் அவர் பொன் தேடி அலைந்தார் என்றும், அங்கே பொன்னைக் காட்டிலும் பெறுமதியான நீர்வீழ்ச்சிகளைக் கண்டார் என்றும் சொல்வர். 1912இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்ற இடத்தில் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்தார். 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் அவர் படித்த கட்டுரை, இந்நாட்டின் தொழில் வளம் முழுவதையும் நீரின் வலிமையால் நடத்தலாம் என்று வாதித்தது. ஆட்சியாளர் அதனை விரைந்து ஏற்கவில்லை. லக்ஸபானத் திட்டத்தின் வேலை 1924இல் தொடங்கிச் சில ஆண்டுகளிலே நின்றுபோயிற்று. பொறுமை இழந்த அவர் 1931இல் இரத்தினபுரித் தொகுதியில் நின்று அரசாங்க சபைக்கே உறுப்பினராகச் சென்றார். ஒரு பொறியியலாளர் தம் அணைக்காக அரசியலில் இறங்கியது அக்காலத்தில் வியப்புக்குரிய செய்தி. முடிவில் 1950இல் லக்ஸபான மின் நிலையம் 25,000 கிலோவாட் வலிமையோடு இயங்கத் தொடங்கியது. அதனைக் கண்ணால் கண்ட பின்னரே 1953இல் அவர் காலமானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லக்ஸபானவுக்கு முன்பே தோட்டங்கள் நீரைக் கொண்டு இயந்திரம் ஓட்டின. கொழுந்தை வாட்டி, உருட்டி, உலர்த்துவதற்கு வலிமை வேண்டும். ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்துதான் ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. எஞ்சியது பெரும்பாலும் நீர். அந்த நீரைப் போக்கவேண்டும். ஆகவே ஓடையை மறித்து, குழாய் வழியே இறக்கி, முதலில் நீர்ச்சக்கரங்களையும் பின்னர் சுழலிகளையும் ஓட்டினார்கள். இத்தகைய சிறு நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவை தந்த மின்சாரம் ஸ்டோரை ஓட்டியது. துரையின் பங்களாவிலும் விளக்கு எரிந்தது. சில நூறு அடி தொலைவிலிருந்த லயத்தில் குப்பி விளக்குத்தான். கம்பியை இழுத்துச் செல்லும் தூரம் குறைவு. இழுக்கத்தான் எவருக்கும் தோன்றவில்லை. நாட்டின் பொது மின்சாரம் மலைக்கு வந்து சேர்ந்ததும் அச்சிறு நிலையங்களிற் பெரும்பாலானவை கைவிடப்பட்டுத் துருப்பிடித்தன. அவற்றிற் சிலவற்றை மீட்டெடுக்கும் முயற்சி பின்னரே தலையெடுத்தது.

1950இல் லக்ஸபானவின் மின்சாரம் கொழும்பு நோக்கிப் புறப்பட்டபோது, கம்பிகள் கடந்து சென்ற மலைகளில் வாழ்ந்தோரின் நிலை யாது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவன் எந்தப் பாராளுமன்ற உறுப்பினரிடம் சென்று மின்விளக்குக் கேட்பான்? கிராமத்துக்கு மின்சாரம் வந்தது, நகரத்துக்கு வந்தது. லயத்துக்கு வரவில்லை என்பதன் காரணத்தைத் தேடுவோர் மின்பொறியியல் நூல்களைப் புரட்டவேண்டியதில்லை. அச்சட்டப் புத்தகத்தைப் பார்த்தாலே போதும்.

அணைகளோ அடுத்தடுத்து எழுந்தன. 1965இல் கெஹெல்கமு ஓயாவில் காசல்ரீ நீர்த்தேக்கம். அதே காலத்தில் நோர்ட்டன் பிரிட்ஜில் விமலசுரேந்திரவின் பெயர் தாங்கிய நிலையம். பின்னர் மவுசாகலை, பொல்பிட்டிய, புதிய லக்ஸபான, 1983இல் கனியன். 1964இல் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கையெழுத்தாகி, 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவான காலமும் அதுவே. காசல்ரீயில் நீர் நிறைந்துகொண்டிருந்தபோது, அக்கரையிலிருந்த குடும்பங்கள் தாம் போவதா இருப்பதா என்ற கேள்வியோடு இருந்தன. 2012இல் தலவாக்கலையில் 150,000 கிலோவாட் மேல் கொத்மலைத் திட்டம் நிறைவெய்தியது. சென் கிளேயர் அருவி தன் பழைய வீச்சை இழந்தது.

1990களின் முற்பகுதி வரையில் இலங்கையின் மின்சாரம் அநேகமாக முழுவதும் நீரிலிருந்தே கிடைத்தது. அதாவது, தூய மின்சக்தி என்று இன்று உலகம் வேண்டிநிற்பது இந்நாட்டில் நெடுங்காலம் இருந்தது. தேவை பெருகிற்று, 1996இல் வறட்சி வந்து நாடெங்கும் மின்வெட்டு நேர்ந்தது. எண்ணெய் நிலையங்கள் எழுந்தன. 2011 முதல் நுரைச்சோலையில் நிலக்கரி எரியத் தொடங்கி, மூன்று பகுதிகளும் நிறைவுற்றபோது அதன் வலிமை 900,000 கிலோவாட்டாக இருந்தது. மலைநாட்டிற் கட்டிய எந்த ஓர் அணையும் அதற்கு ஈடாகாது.

இதற்கிடையில் லயங்களுக்கும் மின்சாரம் வந்துவிட்டது. வந்த விதம்தான் வேறு. பல தோட்டங்களில் நிர்வாகம் மொத்தமாகப் பெற்றுக் காம்பராக்களுக்குப் பகிர்ந்தது. குடும்பத்தின் பெயரில் கணக்கு இல்லை. அடுப்போ விறகையே நம்பியிருந்தது. மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் தலையில் விறகுக் கட்டோடு இறங்கிவரும் பெண்களை அட்டன் வீதியில் செல்வோர் யாவரும் கண்டிருப்பார்கள். காற்றோட்டமில்லாத சமையல் மூலையில் அவர்கள் சுவாசிக்கும் புகையை நாட்டின் வாயுக் கணக்கில் ஒரு சிறு புள்ளியாகவே எழுதுவார்கள்.

2022ஆம் ஆண்டின் நெருக்கடி யாருக்கு எப்படி வலித்தது என்பதை எண்களே காட்டும். அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் அப்பொழுது 1,000 ரூபாய். ஒரு லீற்றருக்கு அதில் மூன்றிலொரு பங்கு போயிற்று. அதே மாதத்தில் மின்கட்டணம் சராசரி 75 விழுக்காடு கூடியது. குறைவாகப் பாவிப்போரின் கட்டணமே விகிதத்தில் மிக அதிகமாக ஏறியது. அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 விழுக்காடு. கட்டணம் தன் செலவை ஈடுசெய்தல் வேண்டும் என்ற வாதத்தில் பொருளுண்டு. எனினும் இரண்டு மின்குமிழ் எரிப்பவனிடமிருந்து அதனைத் தொடங்கியது முறையன்று.

2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தின் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதாகவும், இனிப் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்றும் இலங்கை 2021இல் உலகுக்கு வாக்களித்தது. அதற்குத் துணை நிற்பது கூரைமேற் சூரிய மின்சாரம். 2016இல் தொடங்கிய திட்டத்தின்படி வீட்டுக்காரர் தம் கூரையில் தகடு பொருத்தி, மிகுந்த மின்சாரத்தை விற்கலாம். நல்ல திட்டமே. அதற்கு இரண்டு வேண்டும்: சொந்தப் பெயரில் மின்கணக்கு, சொந்தக் கூரை. லயத்தின் தகரக் கூரை பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கு மேலாக ஒரே நீளமாய்ப் போகிறது. அது தோட்டத்துக்கு உரியது. கீழ்நாட்டுக் கூரைகளில் தகடுகள் பெருகியதன் விளைவு, 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரம் மிகையாகி, பகல் வேளையில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை உரிமையாளரைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

எனவே மலைநாட்டில் தூய மின்சக்தியின் பேச்சு காணியின் பேச்சிலேதான் வந்து நிற்கிறது. ஏழு பேர்ச் நிலமும் அதில் ஒரு தனி வீடும் என்ற திட்டம் 2015க்குப் பின் வேகம் பெற்றது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர், முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகளை அறிவித்துச் சென்றார். அத்தகைய வீடு கட்டி முடிந்து, உறுதிப் பத்திரமும் கைக்கு வந்த குடும்பத்துக்குச் சொந்தக் கூரை இருக்கிறது. மின்கணக்கில் தன் பெயரைப் பதியலாம். மற்றவர்களின் காம்பராக்களுக்கு மேலே, காசல்ரீயிலிருந்தும் மவுசாகலையிலிருந்தும் வரும் நீர் பிறப்பித்த மின்சாரம் உயர்ந்த கோபுரங்களில் கொழும்பு நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது.