நான்காவது பாட்டில்

கலிபோர்னியாவில் ஓர் உணவு விடுதி. பரிமாறும் பெண் ஒருவர் கோகோ கோலா பாட்டில்களைக் குளிர்பதனப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று உள்ளே போயின. நான்காவதை எடுத்து ஒன்றரை அடி தூரம் நகர்த்தியிருப்பார், கையிலேயே வெடித்தது. உள்ளங்கையில் நரம்பும் தசையும் அறுந்துபோயின.

அவர் தொடுத்த 'எஸ்கோலா வழக்கு' 1944இல் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கவனக்குறைவு இல்லாமல் பாட்டில் வெடிக்காது என்று சொல்லி, அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈட்டை உறுதிசெய்தார்கள். ரோஜர் டிரெய்னர் என்ற நீதிபதி மட்டும் தனித் தீர்ப்பு எழுதினார். முடிவு சரி, காரணம் சரியில்லை என்றார். கவனக்குறைவை நிரூபிக்கும் பாரத்தை நுகர்வோர் ஏன் சுமக்க வேண்டும்? பழுதான பொருளைச் சந்தைக்கு அனுப்பியவரே பொறுப்பு. அந்தச் செலவைக் காப்பீடு எடுத்துச் சமாளிக்க நிறுவனத்தால் முடியும், கை கிழிந்தவரால் முடியாது.

அன்று அந்தக் கருத்துக்குத் துணை இல்லை. 1963இல், வீட்டுத் தச்சுக் கருவியிலிருந்து மரக்கட்டை தெறித்து ஒருவரின் நெற்றியைத் தாக்கிய 'கிரீன்மேன் வழக்கில்', அதே கருத்தை நீதிமன்றத்தின் ஒருமித்த தீர்ப்பாக எழுதினார் டிரெய்னர். மற்ற மாநிலங்களும் அடுத்தடுத்து அதைப் பின்பற்றின.

யூட்டா மாநிலத்தின் பார்க் சிட்டி என்ற சுரங்க ஊரில் 1900இல் பிறந்தவர் அவர். பெர்க்லியில் அரசியல் அறிவியல் முனைவர் பட்டத்தையும் சட்டப் பட்டத்தையும் பெற்று, அங்கேயே வரிச் சட்டம் கற்பித்தார். ஆளுநர் ஓல்சன் 1940இல் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தபோது, அவர் கீழ் நீதிமன்றம் எதிலும் நீதிபதியாக இருந்ததில்லை.

அவருடைய துணிச்சலை முழுதாகக் காட்டுவது 1948இன் 'பெரஸ் வழக்கு'. மெக்சிக வம்சாவளிப் பெண்ணான ஆண்ட்ரியா பெரஸ் சட்டத்தின் கண்ணில் வெள்ளையர். சில்வெஸ்டர் டேவிஸ் கறுப்பினத்தவர். லாஸ் ஏஞ்சலிஸ் அலுவலகம் அவர்களுக்குத் திருமண உரிமம் தர மறுத்தது. கலப்பு மணத் தடைச் சட்டம் செல்லாது என்று நீதிமன்றம் 4-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் டிரெய்னர். கலப்பு வம்சாவளியினரை எந்த இனத்தில் சேர்ப்பது என்றே இந்தச் சட்டத்தால் சொல்ல முடியவில்லையே என்று அவர் கேட்ட கேள்வி, அந்தத் தடையின் அடித்தளத்தையே தகர்த்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதே முடிவுக்கு வர 1967 ஆகிவிட்டது.

தன் தீர்ப்பையே திருத்தவும் அவர் தயங்கவில்லை. காவல்துறை சட்டவிரோதமாகக் கைப்பற்றிய சான்றை ஏற்கலாம் என்று 1942இல் எழுதியவர் அவரே. லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் வீடுகளுக்குள் ஒலிவாங்கிகளை ஒளித்துவைத்து ஒட்டுக்கேட்ட 'கஹான் வழக்கில்', 1955இல், அத்தகைய சான்றை ஏற்கக் கூடாது என்று எழுதினார். எல்லா மாநிலங்களுக்கும் அந்த விதி கட்டாயமானது 1961இல். மூன்று ஆண்டுகள் கழித்து டிரெய்னர் கலிபோர்னியாவின் தலைமை நீதிபதியானார். 1970 வரை அந்தப் பதவியில் இருந்தார்.