பயறு வேரின் முடிச்சு

நெல் அறுத்த வயலில் உளுந்து தெளித்தால் மண் தேறும் என்பது நம் பெரியவர்கள் அனுபவத்தில் கண்டது. காரணத்தைத் தேடியவர்களில் பிரெஞ்சுக்காரர் பூசேங்கோ மீது எனக்குத் தனி மதிப்பு. பட்டாணியும் குளோவரும் காற்றிலிருந்து நைட்ரஜன் பெறுவதாக 1838-இல் அளந்து சொன்னார், கோதுமை பெறவில்லை. ஐயம் தீராமல் 1850-களில் சுட்ட மண்ணில் செடி வைத்து, கண்ணாடிக்குள் அடைத்துச் சோதித்தார். நைட்ரஜன் ஏறவில்லை. பழைய முடிவைக் கைவிட்டார். மண்ணைச் சுட்டதில் துணை நின்ற நுண்ணுயிரும் செத்துப்போனது அவருக்குத் தெரியாது.

1886-இல் ஜெர்மானியர் ஹெல்ரீகல் வேர் முடிச்சின் பங்கை விளக்கினார். மறுவருடம் பூசேங்கோ காலமானார். 1888-இல் டச்சுக்காரர் பைஜரிங்க் அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

உளுந்துச் செடியைப் பிடுங்கினால் முடிச்சை நறுக்கிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள்.