மன்றோவின் குதிரையும் நான்கு தொழிலாளிகளும்

பாராமகால் வருவாய்க் குறிப்புகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் எனக்குச் சில வருஷங்களாக உண்டு. அதில் தவிர்க்கவே முடியாத ஆள் தாமஸ் மன்றோ. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு பாராமகாலை விட்டுக்கொடுத்ததும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக வந்து 1799 வரை இந்தப் பக்கம்தான் வேலை பார்த்தார். ரயத்துவாரி முறை வளர்ந்ததும் இங்கேதான். (நம்ம ஓசூர் கொஞ்சம் லேட். 1799-ல் திப்பு இறந்த பிறகுதான் கம்பெனி கைக்கு வந்தது.)

அதனால் சென்னைக்குப் போனால் தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன். போன முறை அங்கிருந்து அப்படியே மெரினாவுக்கு நடந்து, உழைப்பாளர் சிலை முன்னால் போய் நின்றேன். அந்த நடையில் தோன்றியதுதான் இது: ஒரு ஊர் சிலை வைக்கும்போது, யாருக்கு வைக்கிறோம் என்று மட்டும் பார்க்கிறோம். செய்கிறவர் எங்கே வாழ்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் மன்றோ. சென்னை கவர்னராக இருந்தபோது 1827 ஜூலையில் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். நன்கொடை திரட்டி, லண்டனில் இருந்த பிரான்சிஸ் சான்ட்ரியிடம் சிலைக்குச் சொன்னார்கள். அன்றைய இங்கிலாந்தில் பெரிய பெயர் அவர். ஆனால் இந்தியாவைப் பார்த்ததில்லை. சிலை கப்பலில் வந்து 1839-ல் நிறுவப்பட்டது.

குதிரையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. "சிற்பி மறந்துட்டார்" என்று சென்னையில் ஒரு கதை உண்டு. நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். கதை சரியில்லை. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையும் சான்ட்ரி செய்ததுதான். அதிலும் சேணம், அங்கவடி கிடையாது. அது அவருடைய பாணி. எங்க துறை பாஷையில் சொன்னால், மெட்ராஸுக்கு வந்தது ஒரு டெம்ப்ளேட். மன்னருக்கு எதுவோ அதுவே மன்றோவுக்கும். சிலை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தருமபுரி வெயிலில் நிலம் அளந்த மனிதரை அதில் காண முடியாது.

இப்போது மெரினா. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் ஆரம்பித்த ஓவியப் பள்ளிதான் பெரியமேட்டில் உள்ள இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. 1929-ல் அதற்கு முதல் இந்திய முதல்வராக தேவிபிரசாத் ராய் சௌத்ரி வந்தார். 1957 வரை அங்கேயே இருந்தார். 28 வருஷம். கே.சி.எஸ். பணிக்கர், எஸ். தனபால் எல்லாம் அவரிடம் படித்தவர்கள். இன்றைக்கு 'உறைவிடக் கலைஞர்' என்று ஒரு நகரம் கலைஞரை மூன்று மாதமோ ஒரு வருஷமோ அழைத்து வைத்துக்கொள்கிறதே, அந்தப் பெயர் இல்லாமலே சென்னைக்கு அப்படி ஒருவர் அமைந்தார். அரசுச் சம்பளம், ஊருக்குள்ளேயே பட்டறை, சுற்றிலும் மாணவர்கள்.

அந்த 28 வருஷத்தின் பலன் 1959-ல் கடற்கரையில் வந்து நின்றது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலம். நான்கு ஆட்கள், ஒரு பாறை. அவ்வளவுதான் உழைப்பாளர் சிலை. பீடத்தில் தலைவர் பெயர் இல்லை, வம்சம் இல்லை. மாடலாக நின்றவர்களில் ஒருவர் அதே கல்லூரியின் இரவுக் காவலாளி என்று சொல்லப்படுகிறது. தினமும் கேட்டில் பார்க்கிற முகம், உடம்பு. லண்டனில் உட்கார்ந்திருந்தால் அது சிற்பியின் கண்ணில் பட்டிருக்குமா? கடற்கரையும் பொருத்தமான இடம்தான். 1923 மே 1-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில். இன்னொரு விஷயம், இதே சிற்பத்தை டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்திலும் பார்க்கலாம்.

"ராய் சௌத்ரி மட்டும் உள்ளூர்க்காரரா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் இன்றைய பங்களாதேஷில் இருக்கும் ரங்பூர்ப் பக்கம் பிறந்த வங்காளி. அபனீந்திரநாத் தாகூரிடம் படித்தவர். ஆக, பிறப்பை வைத்து நான் பேசவில்லை. வந்த ஊரில் தங்கி, அதன் மனிதர்களைத் தினமும் பார்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

ஓசூர்க்காரனுக்கு இது சட்டென்று புரியும். தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் ஒரே டீக்கடையில் கேட்கும் ஊர் இது. 1970-களில் சிப்காட் வந்த பிறகு, எங்கெங்கிருந்தோ வந்து தங்கியவர்கள்தான் இதை இவ்வளவு பெரிசாக்கினார்கள். 2019-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மாநகராட்சி என்றால் ரவுண்டானா, பூங்கா, சிலை எல்லாம் பின்னாலேயே வரும். எங்கோ ஒரு பட்டறையில் டெண்டர் விட்டு, லாரியில் இறக்கி வைத்துவிட்டால் நமக்கும் ஒரு டெம்ப்ளேட்தான் கிடைக்கும்.

இத்தனைக்கும் நம்ம மாவட்டம் இந்த விஷயத்தில் பழைய கை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் எத்தனை நடுகற்கள்! மாட்டை மீட்கப் போய்ச் செத்தவன், புலியோடு மோதிச் செத்தவன் என்று சாதாரண ஆட்களுக்கு ஊர் வைத்த கல். அரசனுக்கு மட்டும்தான் சிலை என்கிற எண்ணம் நம் ஊர்களில் இருந்ததில்லை.

என் யோசனை சின்னதுதான். ஒரு சிற்பியை அழைத்து ஒரு வருஷம் இங்கே தங்க வையுங்கள். வீடு கொடுங்கள், பட்டறை கொடுங்கள், சம்பளம் கொடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். விடிகாலை ஷிஃப்ட் பஸ்ஸுக்காக, சீருடையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வரிசையில் நிற்கும் பெண்களை அவர் பார்க்கட்டும். ராய் சௌத்ரியின் பாறையைத் தள்ளுகிற நால்வரும் ஆண்கள். அங்கே விடுபட்டதை ஓசூர் செய்து காட்டலாம்.