தூர் வாரிய கைகள்

திருவண்ணாமலைக்குச் செல்வோர் இராசகோபுரத்தையே அண்ணாந்து நோக்குவர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனை எழுப்பத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர், ஆயிரங்கால் மண்டபத்தோடு சிவகங்கைத் தீர்த்தத்தையும் வெட்டுவித்தார். மழை அடிக்கடி பொய்க்கும் இந்நிலத்தில், அரசனின் புகழுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது போலும்!

வெட்டுவித்தவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. ஏரிகளையும் ஓடைகளையும் தூர் வாரியவர் யாவர்? குடிமராமத்தை ஊர் ஒற்றுமையின் சின்னமாகவே நாம் போற்றி வருகிறோம். ஆனால் 1858இல் சென்னை மாகாண அரசு கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி, மராமத்துக்கு வராத குடிகளிடம் பணம் வசூலிக்க வழிசெய்தது. கைகள் தாமே வந்திருப்பின் சட்டம் எதற்கு? மதகு திறந்து வயலுக்கு நீர் விட்ட நீர்க்கட்டிகளுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்டோர். ஊருக்கெல்லாம் நீர் பங்கிட்ட அவர்கள் ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் மொள்ள இயலாதிருந்தனர். குடிமராமத்தைப் பாராட்டி எழுதுவோர் இதனை எளிதில் கடந்துவிடுகின்றனர். 2017இல் தமிழக அரசு அப்பெயரை மீட்டெடுத்தபோதும் இக்கதை பேசப்பட்டதாக நமக்கு நினைவில்லை.

இதற்கிடையே மலையும் மொட்டையாகிவிட்டிருந்தது. 1988இல் தோன்றிய அண்ணாமலைக் காடு வளர்ப்புச் சங்கம் சரிவுகளில் மீண்டும் மரம் வளர்க்க முற்பட்டது. மரமில்லாச் சரிவில் மழைநீர் நில்லாது ஓடிவிடும். அடிவாரத்துக் கிணறுகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. கிரிவலப் பாதையில் குப்பை அள்ளுவது நற்பணியே. எனினும் வரத்துக்கால்வாய் அடைபட்டுக் கிடக்குமாயின், அதனால் நிலத்தடி நீர் ஓர் அடியும் உயராது.

இவ்வகையில் திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் ஓடும் நாகநதியின் கதை வேறுபட்டது. பல்லாண்டுகளாக வறண்டு கிடந்த அந்நதியில் 2014 முதல் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் இறங்கினர். குறுக்கே கற்தடுப்புகள் அமைத்தனர். மழைநீர் நிலத்துள் இறங்கும்படி உறைகிணறுகள் தோண்டினர். ஓடும் நீரைக் கற்கள் தாமதப்படுத்த, கிணறுகள் அதனைக் கீழே கொண்டு சேர்த்தன. மண்வெட்டி பழையதுதான், ஆனால் இம்முறை ஊரக வேலை உறுதித் திட்டத்தின்கீழ் அதற்குக் கூலி இருந்தது. தண்டத்துக்கு அஞ்சிய உழைப்புக்கும் இதற்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு கிடக்கிறது.

2021 செப்டம்பரில் பிரதமர் தம் வானொலி உரையில் இப்பெண்களின் முயற்சியை எடுத்துரைத்தார். நதியின் பெயரை நாடு கேட்டது. பெண்களின் பெயர்களோ வேலைத்திட்ட வருகைப் பதிவேடுகளில்தான் இருக்கின்றன.