காயமுற்ற சம்பியனின் மறுவருகை: பென் ஹோகன் முதல் டைகர் வூட்ஸ் வரை

2019 சித்திரைப் புத்தாண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அன்று இலங்கையில் நள்ளிரவாகிக்கொண்டிருந்தபோது ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்திலுள்ள ஒகஸ்டாவில் பிற்பகல். சிவப்பு மேற்சட்டை அணிந்த 43 வயது மனிதரொருவர் பதினெட்டாவது குழிக்குள் கடைசிப் பந்தை உருட்டிவிட்டு இரு கைகளையும் உயர்த்தி முழங்கினார். டைகர் வூட்ஸ் மாஸ்டர்ஸ் கொல்ப் சுற்றுப்போட்டியில் ஐந்தாவது தடவையாக வெற்றி பெற்றிருந்தார். அதற்கு முன்னர் அவர் ஒரு பிரதான சுற்றுப்போட்டியில் வென்றது 2008 ஆம் ஆண்டில். இடைப்பட்ட பதினொரு வருடங்களில் முதுகில் மாத்திரம் நான்கு சத்திரசிகிச்சைகள். 2017 நவம்பர் இறுதியில் உலகத் தரவரிசையில் அவரது இடம் 1,199.

அந்த வெற்றிக்குப் பின்னர் விளையாட்டுப் பக்கங்களில் ஒரு கேள்வி ஓயாமல் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. முதுமையும் காயமும் ஒருசேரத் தாக்கிய ஒரு சம்பியன் பழைய வெற்றிப் பாதைக்குத் திரும்ப முடியுமா? 2019 இல் முடிந்தது என்றால் இன்னொரு தடவையும் முடியாதா?

கொல்ப் எமது மக்களுக்கு நெருக்கமான விளையாட்டல்ல. ஆங்கிலேயர் 1879 இல் கொழும்பில் கழகம் அமைத்து ஆடத் தொடங்கிய காலம் முதல் அது வேலிக்கு அப்பால் இருந்து பார்க்கும் கனவான்களின் ஆட்டமாகவே எம்மவர்களுக்குத் தென்பட்டு வந்திருக்கிறது. ஆனால், இந்தக் கேள்வி கொல்ப் பற்றியது மாத்திரமல்ல. தனது உடலையே தொழிலாகக் கொண்ட ஒரு மனிதன், அந்த உடல் உடைந்த பிறகு என்ன செய்கிறான் என்பது பற்றியது. அதற்கு விடை தேடுவதற்கு வரலாற்றில் எழுபது வருடங்களுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பென் ஹோகன் 1912 ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தந்தை துப்பாக்கியால் தன்னைத்தானே சுட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். போர்ட் வேர்த் ரயில் நிலையத்தில் பத்திரிகை விற்ற சிறுவன், பின்னர் கொல்ப் கழகமொன்றில் செல்வந்தர்களின் ஆட்டத்தடிப் பைகளைச் சுமக்கும் வேலைக்குச் சென்றான். அங்கிருந்து தான் அவரது கொல்ப் வாழ்வு தொடங்கியது. 17 வயதில் தொழில்முறை ஆட்டக்காரராக மாறிய அவர், தனியாக வென்ற முதல் சுற்றுப்போட்டிக்காக 1940 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் பல தடவைகள் கையில் காசில்லாமல் ஊர் திரும்பியிருக்கிறார். ஆனால், 1946 இல் மாத்திரம் 13 வெற்றிகள். 1948 இல் அமெரிக்க ஓப்பின் பட்டமும் அவர் வசமானது. 1949 ஜனவரியில் டைம் சஞ்சிகையின் அட்டையில் அவரது உருவம் வெளிவந்தது.

அதற்கு அடுத்த மாதம், பெப்ரவரி 2 ஆம் திகதி காலை, மேற்கு டெக்சாஸில் வான் ஹோர்ன் என்ற சிற்றூருக்கு அருகே மூடுபனியின் நடுவே ஹோகனும் மனைவி வலரியும் காரில் வந்துகொண்டிருந்தனர். முன்னால் சென்ற லொறியை முந்துவதற்கு வெளியே திரும்பிய கிரேஹவுண்ட் பஸ்வண்டி நேருக்கு நேராக வந்தது. ஹோகன் மனைவியைக் காப்பதற்காக அவரது பக்கம் பாய்ந்து குறுக்கே விழுந்தார். காரின் திசைமாற்றித் தண்டு அவர் அமர்ந்திருந்த ஆசனத்தைத் துளைத்துச் சென்றது. மனைவியைக் காக்கப் போனதால் தான் அவரது உயிரும் தப்பியது.

இடுப்பெலும்பு, கழுத்துப்பட்டை எலும்பு, இடது கணுக்கால், விலா எலும்பு என முறிவுகள் ஒன்றல்ல. அவற்றையும் விட ஆபத்தானதாக இரத்தக் கட்டிகள் நுரையீரலை நோக்கி நகரத் தொடங்கின. நியூ ஓர்லியன்ஸிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்ட சத்திரசிகிச்சை நிபுணர், கால்களிலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருநாளத்தையே கட்டிவிட்டார். உயிர் நிலைத்தது. ஆனால், கால்களின் இரத்தோட்டம் வாழ்நாள் முழுவதற்குமாகப் பாதிக்கப்பட்டது. 59 நாட்களுக்குப் பிறகு அவர் வைத்தியசாலையிலிருந்து வெளியேறிய போது, மீண்டும் நடப்பாரா என்பதே கேள்வியாக இருந்தது.

விபத்து நிகழ்ந்து 16 மாதங்கள். 1950 ஜூனில் பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பின் சுற்றுப்போட்டி. அந்நாட்களில் கடைசி நாளில் ஒரே மூச்சாக 36 குழிகள் ஆட வேண்டும். கணுக்காலிலிருந்து தொடை வரை பட்டித்துணி சுற்றிய கால்களுடன் ஹோகன் அன்று பின்னேரம் நடக்கவே சிரமப்பட்டார். கடைசிக் குழியில் முதலாம் இலக்க இரும்புத் தடியால் அவர் அடித்த பந்து குழியைச் சூழ்ந்த புல்தரையில் போய் நின்றது. அந்தக் கணத்தில் ஹை பெஸ்கின் பின்னாலிருந்து எடுத்த புகைப்படம் கொல்ப் வரலாற்றில் இன்றும் மிகப் பிரசித்தமானது. மூவர் சமநிலையில் முடித்ததால் மறுநாளும் 18 குழிகள். ஹோகன் 69 அடிகள், லொயிட் மங்ரம் 73, ஜோர்ஜ் பாசியோ 75. பட்டம் ஹோகனுக்கு.

இந்தக் கதை மனவுறுதியின் வெற்றி என்றே பெரும்பாலும் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. மறுவருடம் ஹொலிவூட் அதைத் திரைப்படமாகவும் தயாரித்தது. மனவுறுதியை மறுப்பதற்கில்லை. ஆனால், அதை மாத்திரம் சொல்லிவிட்டு நிறுத்துவது வரலாற்றைப் பாதியில் மூடிவைப்பதாகும். ஹோகன் செய்த முக்கியமான காரியம் வேறு. தனக்கு மீந்திருந்த கால்கள் எவ்வளவைச் சுமக்கும் என்பதைக் கணக்கிட்டு, அந்தக் கணக்குக்குள் அடங்கும்படியாகத் தனது தொழிலை அவர் சுருக்கிக்கொண்டார். ஒரே வருடத்தில் 13 சுற்றுப்போட்டிகளில் வென்ற மனிதர், 1953 இல் பங்குபற்றியதே ஆறு சுற்றுப்போட்டிகளில் தான். அவற்றுள் ஐந்தில் வென்றார். மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பின், ஸ்கொட்லாந்தின் கார்னூஸ்டியில் நடைபெற்ற பிரிட்டிஷ் ஓப்பின் என மூன்று பிரதான பட்டங்கள் அந்த ஐந்தில் அடக்கம். நான்காவது பிரதான சுற்றுப்போட்டியான பி.ஜி.ஏ.யின் திகதிகள் பிரிட்டிஷ் ஓப்பினுடன் மோதின. மோதாதிருந்தாலும் நாளுக்கு 36 குழிகளாக நாட்கணக்கில் நீளும் அந்தப் போட்டியை அவரது கால்கள் தாங்கியிருக்குமா என்பது சந்தேகமே. நியூயோர்க் மாநகரம் பிரோட்வேயில் கடதாசித் துண்டுகளைத் தூவி அவரை ஊர்வலமாக வரவேற்றது.

ஹோகன் வென்ற ஒன்பது பிரதான பட்டங்களில் ஆறு விபத்துக்குப் பின்னர் கிடைத்தவை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் அவரை இறுதியில் வீழ்த்தியது எது? கால்கள் அல்ல என்பது தான் விசித்திரம். 1956 அமெரிக்க ஓப்பினில் கடைசிக்கு முந்திய குழியில் ஒரு மீற்றருக்கும் குறைந்த தூரத்திலிருந்து பந்தை உள்ளே உருட்டிவிட முடியாமல் தவறவிட்டு, ஓர் அடி வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தார். தொலைவிலிருந்து பந்தை அடிப்பதில் அவருக்கு நிகர் அப்போதும் எவருமில்லை. 1960 இல், 47 வயதிலும் அதே பட்டத்துக்குக் கடைசிக் குழிகள் வரை போட்டியிட்டார். ஆனால், குழிக்கு அருகில் சென்று சிறிய தடியைக் கையில் எடுத்ததும் கைகள் உறைந்து போயின. பஸ்வண்டியால் முடியாததை வயது செய்து முடித்தது.

இது ஹோகனுக்கு மாத்திரம் நேர்ந்த அவலமல்ல. பிரிட்டிஷ் ஓப்பினை ஆறு தடவைகள் வென்று இன்றுவரை சாதனையை வைத்திருக்கும் ஹரி வார்டன், 1903 இல் தனது நான்காவது வெற்றியைப் பெற்ற வேளையில் காசநோயால் பீடிக்கப்பட்டிருந்தார். சானற்றோரியத்திலிருந்து மீண்டு வந்து 1911 இலும் 1914 இலும் அவர் மீண்டும் வென்றார். ஆனால், குறுகிய தூரத்திலிருந்து பந்தை உருட்டும்போது வலது கை தன்னையறியாமல் துள்ளும் குறைபாடு அவரை விட்டு நீங்கவில்லை. 1920 அமெரிக்க ஓப்பினில் 50 வயதில் முன்னணியில் இருந்தவர் ஓர் அடியால் தோற்றார். 2009 இல் டேர்ன்பெரியில் 59 வயது டொம் வட்சனுக்கு நேர்ந்ததும் அது தான். இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சை செய்து ஒரு வருடம் கூட நிறைவடையாத நிலையில், கடைசிக் குழியில் ஓர் அடி முன்னணியில் நின்றார். பந்தை உள்ளே உருட்டினால் பிரிட்டிஷ் ஓப்பின் அவருடையது. அந்த உருட்டல் தவறியது. மேலதிக ஆட்டத்தில் ஸ்டுவர்ட் சிங்க் வென்றார்.

முதுமை மாத்திரம் தடையல்ல என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. ஜக் நிக்லஸ் 1986 மாஸ்டர்ஸை வென்றபோது வயது 46. பில் மிக்கல்சன் 2021 பி.ஜி.ஏ. பட்டத்தை 50 வயதில் வென்று, பிரதான சுற்றுப்போட்டியொன்றை வென்ற மிக மூத்த வீரரானார். காயம் மாத்திரம் தடையல்ல என்பதற்கு ஹோகன் சான்று. 2008 அமெரிக்க ஓப்பினில் முழங்கால் தசைநார் கிழிந்து, கீழ்க்கால் எலும்பில் வெடிப்புகளுடன் 91 குழிகள் ஆடி வென்ற வூட்ஸ் இன்னொரு சான்று. விபத்து நேர்ந்தபோது ஹோகனுக்கு வயது 36. அவருக்குக் காயம் முதலில் வந்தது, முதுமை பிறகு வந்தது. இடையில் கிடைத்த சில வருடங்களில் அவர் அறுவடை செய்துகொண்டார்.

வூட்ஸுக்கு அந்த இடைவெளி அமையவில்லை. 2021 பெப்ரவரி 23 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸுக்கு அருகே அவர் செலுத்திய வாகனம் உருண்டு, வலது கீழ்க்கால் எலும்புகள் பல துண்டுகளாக நொறுங்கியபோது அவருக்கு 45 வயது. பதினான்கு மாதங்களுக்குள் 2022 மாஸ்டர்ஸில் அவர் நடந்து வந்தது ஹோகனின் மறுவருகைக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால், அந்தச் சுற்றுப்போட்டியை 47 ஆவது இடத்தில் முடித்தார். 2023 மாஸ்டர்ஸிலிருந்து இடைநடுவில் விலகி, கணுக்காலில் சத்திரசிகிச்சைக்கு உள்ளானார். 2024 இல் தொடர்ச்சியாக 24 ஆவது தடவையாக முதலிரு நாட்களின் தகுதிகாணலைக் கடந்து மாஸ்டர்ஸ் சாதனை படைத்தார். ஆயினும், கடைசி இரு நாட்கள் ஆடியவர்களில் கடைசியாக, 60 ஆவது இடத்திலேயே முடித்தார். 2025 மார்ச்சில் இடது குதிகால் தசைநாண் அறுந்தது. அதே வருடம் ஒக்டோபரில் முதுகில் இன்னொரு சத்திரசிகிச்சை. டிசம்பரில் 50 வயது நிறைவடைந்தது.

ஹோகனைப் போன்று அவரும் தனது ஆட்டத்தைச் சுருக்கிக்கொண்டார். வருடத்துக்கு நான்கைந்து சுற்றுப்போட்டிகளே போதும் என்றார். ஆனால், எவ்வளவு சுருக்கினாலும் அதற்குக் கீழே போக முடியாத ஓர் அளவு இருக்கிறது. நான்கு நாட்களில் 72 குழிகள், மேடும் பள்ளமுமான தரையில் 25 கிலோமீற்றருக்குக் குறையாத நடை. கொல்ப் நின்று அடிக்கும் ஆட்டம் என்று நினைப்பவர்கள் இந்த நடையை மறந்துவிடுகிறார்கள். காலில் பிறவிக் குறைபாடுள்ள கேசி மார்ட்டின் என்ற வீரர் வண்டியில் செல்ல அனுமதி கோரித் தொடுத்த வழக்கில், 2001 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நடப்பது ஆட்டத்தின் இன்றியமையாத அம்சமல்ல என்பது பெரும்பான்மை நீதியரசர்களின் முடிவு. நடையும் களைப்பும் ஆட்டத்தின் பகுதியே என்று சாட்சியமளித்தவர்களில் நிக்லஸும் ஒருவர். சட்டம் மார்ட்டின் பக்கம் நின்றது. அதுவே நியாயமும் கூட. 50 வயதைக் கடந்தோருக்கான சுற்றுப்போட்டிகள் பெரும்பாலானவற்றிலும் வண்டிக்கு அனுமதி உண்டு. பிரதான சுற்றுப்போட்டிகளில் வண்டி வேண்டாம் என்பது வூட்ஸ் வெளிப்படையாகவே கூறிவந்த நிலைப்பாடு.

ஆகவே, எனது விடையை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். வூட்ஸ் இன்னொரு பிரதான பட்டத்தை வெல்வது நடக்காது என்றே வரலாறு காட்டுகிறது. ஒருநாள் அபாரமாக ஆடக்கூடும். ஹோகன் 54 வயதில், 1967 மாஸ்டர்ஸின் மூன்றாம் நாளில் கடைசி ஒன்பது குழிகளை 30 அடிகளில் முடித்தபோது பார்வையாளர்கள் எழுந்து நின்று கரவொலி எழுப்பினர். மறுநாள் அந்தக் கால்கள் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. ஒருநாள் திரும்பி வரும். நான்கு நாட்கள் திரும்பி வருவதில்லை.

ஹோகன் 1997 ஜூலையில் காலமானார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், அந்த ஏப்ரலில், 21 வயது இளைஞர் ஒருவர் 12 அடிகள் வித்தியாசத்தில் தனது முதலாவது மாஸ்டர்ஸை வென்று தந்தையைக் கட்டியணைத்திருந்தார். 22 வருடங்கள் கழித்து, நமது புத்தாண்டு நள்ளிரவில், அதே இடத்தில் தனது மகனை அவர் கட்டியணைத்தார். ஐம்பதுகளில் இருக்கும் நான் அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்கலங்கியதற்குக் கொல்ப் காரணமல்ல. எந்தத் தொழிலிலும் உடல் தளர்ந்த பின்னர் நாம் ஏங்குவது பழைய நாட்கள் அனைத்துக்குமாக அல்ல, இன்னும் ஒரேயொரு நல்ல நாளுக்காகவே. அந்த நாள் வூட்ஸுக்கு வந்துவிட்டது. இன்னொன்று கேட்பது அவருக்காக அல்ல, எமக்காகவே. எமது முதுமையை அவரது தோள்களில் ஏற்றிவைப்பதை இனியாவது நிறுத்திக்கொள்வோம்.